ஆய்வுக்கு வரும் அலுவலரும் நாமும்

வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து நின்றால், நம்மில் பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. மாதிரி எடுப்பதும் சீல் வைப்பதும் அவர் படித்து வந்த தொழில். ஆனால் அந்தப் படிப்பு மட்டும் போதாது. பேசும் முறை, கேட்கும் பொறுமை, சிறிய கடை பெரிய கடை என்று பாராத நேர்மை ஆகிய மூன்றும் இருந்தால்தான் அவர் வந்து போவதில் பயன் உண்டு.

நமது மண்டியில் நடந்ததையே சொல்கிறோம். மிளகாய் வற்றல் மூட்டைகளைத் தரையிலேயே சுவரை ஒட்டி அடுக்கியிருந்தோம். ஒரு அலுவலர் வெளியூர் வியாபாரிகள் முன்னிலையில் சத்தம் போட்டுவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. நமக்கும் கோபம், மூட்டைகள் அப்படியே கிடந்தன.

அடுத்து வந்தவர் முதலில் நாம் சொன்னதைக் கேட்டார். பிறகு ஓரமாக அழைத்து, தரை ஈரம் சாக்கில் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும் என்றும், அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், சமைத்தாலும் முழுமையாகப் போகாது என்றும் விளக்கினார். மறு வாரமே மரச்சட்டங்கள் வாங்கிப் போட்டோம். சட்டம் ஒன்றுதான், எடுத்துச் சொன்ன விதம்தான் வேறு.

2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் விரும்புகிறது. 32-வது பிரிவின்படி நியமன அலுவலர் தரும் நோட்டீஸில் காரணமும் செய்யவேண்டிய திருத்தமும் இருக்க வேண்டும். குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். எடுக்கும் மாதிரிக்கு விலை கொடுக்க வேண்டும். மாதிரி நான்கு பாகமாகும். நாம் கேட்டால் ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். தக்க காரணமின்றித் தொல்லை தருவதற்காகச் சரக்கைக் கைப்பற்றினால், 39-வது பிரிவின்படி அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே பிரிவில், பொய்ப்புகார் கொடுப்பவருக்கும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நம் பங்கும் இருக்கிறது. உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். கொள்முதல் பில்களைத் தேதி வரிசையில் வையுங்கள். பையனை நிறுத்திவிட்டு நழுவாமல் நீங்களே முன்னே வந்து பேசுங்கள். "என்ன குறை, எப்படித் திருத்துவது, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கவர் கொடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம்; அன்றைக்கு ஆள் போவார், குறை போகாது. நம் சரக்கைச் சாப்பிடுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.