போர்ப்புண்ணும் ஊடுகதிரும்

பண்டைத் தமிழர் போர்க்களத்திலே பட்ட புண்ணை இருவகையாகப் பகுத்தனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகிலே பட்டது புறப்புண். வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிற் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியமைக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியை நம் மாணவர் நன்கறிவர். இக்காலப் போர்க்கருவிக்கு அவ்வேறுபாடு தெரியாது. வெடித்துச் சிதறும் ஷெல் துண்டு, துவக்கு ஏந்தியவனையும் வயலுக்குச் சென்றவனையும் ஒன்றாகவே துளைக்கின்றது. புறத்தே புண் ஆறி வடுவாகிய பின்னரும் அத்துண்டு பல்லாண்டு உடலினுள்ளே கிடப்பதுண்டு. அதனைத் தேடிக் காட்டுபவர் எக்ஸ்-கதிர்ப் படப்பிடிப்பாளர்; வைத்தியசாலை வழக்கிலே றேடியோகிறாபர். வைத்தியரைப் போற்றி எழுதுவார் பலர். தாதியரைப் போற்றுவாரும் உளர். இருட்டறைக்காரர் என்று நாம் எண்ணிக் கடந்துபோகும் இவருடைய தொழிலைச் சிறிது விளக்குவதே எமது நோக்கம்.

ஜேர்மனி தேசத்து வூர்ஸ்பேர்க் நகரிலே றொன்ற்ஜன் என்னும் பேராசிரியர் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி இக்கதிரைக் கண்டறிந்தார். இரண்டாண்டு கழியுமுன்னரே அது போர்க்களம் புகுந்துவிட்டது. 1897இல், பிரிவுபடாத இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே, திரா என்னும் மலைநாட்டுப் படையெடுப்பின்போது பீவர் என்ற படை வைத்தியர் இக்கருவியைக் கொண்டுசென்று காயமுற்றோரின் உடலிற் குண்டு கிடந்த இடத்தைக் கண்டார். அடுத்த ஆண்டு சூடான் பாலைவனத்திலே பற்றர்ஸ்பி என்பார் செய்தது இன்னும் வியப்பானது. அங்கே மின்சாரம் ஏது? இருவர் மிதிக்கும் சைக்கிளொன்றை மின்னாக்கி எந்திரத்தோடு பிணைத்து, வீரரைக் கொண்டு மிதிப்பித்து, மின்கலங்களை நிரப்பினார். சாதாரண முறையாற் குண்டு அகப்படாத 21 பேருள் 20 பேருக்கு இக்கதிர் விடை கூறியது. எஞ்சிய ஒருவர் படம் பிடிக்கவியலாத அளவுக்கு நலிந்திருந்தார். முதலாம் உலக மகாயுத்தத்திலே மேரி கியூரி அம்மையார் ஏறத்தாழ 20 மோட்டார் வண்டிகளிலே இக்கருவியை ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பியதும், சுமார் 150 பெண்களை இத்தொழிலிற் பயிற்றியதும் பலரும் அறிந்தவை. படம் பிடித்தல் ஒரு தனித்தொழிலாக உருப்பெற்றமைக்குப் போரும் ஒரு காரணமாயிற்று என்பது கசப்பான உண்மை.

இனி, படம் எங்ஙனம் அமைகின்றது? கதிர் உடலினூடே செல்லும்போது காற்று அதனைத் தடுப்பதில்லை. தசை சிறிது தடுக்கும். எலும்பு மிகத் தடுக்கும். இரும்பும் ஈயமும் எலும்பினும் மிகத் தடுக்கும். ஆகவே படத்திலே நுரையீரல் கரியதாயும், எலும்பு வெண்மையாயும், உலோகத்துண்டு அதனினும் வெண்மையாயுந் தோன்றும். ஆயின் படம் ஒரு நிழல், நிழலுக்கு ஆழமில்லை. தோலின் கீழ்க் கிடக்கும் துண்டும் எலும்பையொட்டிக் கிடக்கும் துண்டும் ஒரே இடத்திற் கிடப்பனபோலத் தோன்றும். பெருவிரலை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடியும் மற்றக் கண்ணை மூடியும் பாருங்கள். விரல் இடம்பெயர்வதுபோலத் தெரியும். கிட்ட இருந்தால் மிகுதியாகப் பெயரும், எட்ட இருந்தாற் குறைவாகப் பெயரும். இக்கணக்கைக் கொண்டே அக்காலத்தவர் குண்டின் ஆழத்தை அளந்தனர். இன்றுங்கூட நேரே ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுப்பதே வழக்கம். மரச்சிராயும் பிளாஸ்ரிக்குத் துண்டும் பெரும்பாலும் இதற்குத் தெரியா. எனவே படத்திலே ஒன்றுமில்லை என்பது உடலிலே ஒன்றுமில்லை என்பதாகாது.

“கண்டபின் எடுத்துவிடலாமே” என்று வினவுவார் உளர். துண்டைச் சுற்றி உடலே ஒரு நார்ப்படலத்தைக் கட்டி அதனை அடக்கிவிடுகின்றது. நரம்பையும் குருதிக்குழாயையும் வெட்டி அதனை எடுப்பது, விட்டு வைப்பதினுந் தீங்காகலாம். மூட்டினுள்ளே கிடக்கும் ஈயம் இதற்கு விலக்கு. மூட்டுநீர் ஈயத்தைக் கரைத்துக் குருதியிற் சேர்த்து நஞ்சாக்கவல்லது. ஆகையால் முன்னாட் போர்வீரர் முழங்கால் வலியென்று வரும்போது பழைய துண்டு எங்கே நிற்கின்றது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியுள்ளது.

எம் கடற்கரைப் பகுதியிலே, சாகாமம் முதலாகக் கல்முனை ஈறாக, 2009 மே மாதத்தில் முடிவுற்ற நீண்ட யுத்தத்தின் துண்டுகளைச் சுமப்போர் எல்லாச் சாதியாரிலும் எல்லாச் சமயத்தாரிலும் உளர். படையிலிருந்தோர், இயக்கத்திலிருந்தோர், ஒன்றிலும் இராதோர் என அவர் பலதிறத்தினர். சில ஆண்டுகளுக்கு முன் எம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு முதுகுநோய்க்காக எம். ஆர். ஐ. என்னும் காந்தப்படம் எடுக்கவேண்டியிருந்தது. யான் துணையாகச் சென்றேன். அக்கருவி எக்ஸ்-கதிர் அன்று, பெருங்காந்தம். அதன் வலிமை பெரும்பாலும் 1.5 ரெஸ்லா, அஃதாவது பூமியின் காந்தப் புலத்தினும் ஏறத்தாழ 30,000 மடங்கு. கண்ணருகே ஓர் இரும்புத்துகள் கிடப்பின் அது அசைந்து பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆதலின் முன்கூட்டியே வினவுவது கட்டாயம். வரிசையில் நின்றோர் கேட்க வினவியபோது பெரியவர் “இல்லை” என்று கூறிவிட்டார். ஏன் மறைத்தார் என்பதை இப்பகுதியில் வாழ்ந்தோர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

அந்த இளைஞர் முகத்தைப் படித்தார் போலும். உடைமாற்றும் அறைக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்தி, “ஐயா, எப்ப பட்ட, யார்ட கையால பட்ட எண்டு நான் கேக்க மாட்டன். எங்க கிடக்கு எண்டு மட்டும் சொல்லுங்க. காந்தம் இரும்ப இழுக்கும்” என்றார். பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு இடக்கண்ணின் கீழே விரலை வைத்தார். உடனே எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. அரிசிக்குறுநொய் அளவான துண்டொன்று கண்குழியிலே வெண்புள்ளியாய்த் தெரிந்தது. காந்தப்படம் நிறுத்தப்பட்டது; பதிலாக சி. ரீ. படம் எடுத்தனர். எவ்வளவு நுண்ணிய எந்திரமாயினும் இக்கேள்வியை அது கேட்கமாட்டாது.

கால் இழந்தவரைப் படம் பிடிப்பதும் தனியொரு பயிற்சி. மேசையிலே அவர் உடல் ஒருபுறம் சாயும். தலையணையும் மணல்மூட்டையும் கொண்டு நிலைநிறுத்தவேண்டும். வெட்டுண்ட எலும்பின் நுனியிலே புதிய எலும்பு முள்போல வளர்ந்து செயற்கைக்காலினுட் குத்துவதுண்டு. அதனைக் காட்டவல்ல கோணத்தைத் தேடவேண்டும். காந்தக்கருவி இயங்கும்போது எழும் தடதடவென்னும் ஓசையோ ஷெல்லடி கேட்டு வாழ்ந்தவருக்குப் பெருந்துன்பம். ஓசை எத்துணை நேரம் நீடிக்கும் என முன்னரே கூறி, கையிலே அழைப்பு மணியைக் கொடுத்துவிடுவது நல்ல தொழிலாளியின் வழக்கம்.

இத்தொழிலின் முன்னோடிகள் அதற்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தனர். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிரினாற் கைகளை இழந்து 1904இல் மாண்டார். இன்று நிலைமை வேறு. மார்புப் படமொன்றின் கதிரளவு சுமார் 0.1 மில்லிசீவேட், இயற்கையே நமக்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட் தருகின்றது. தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்பது சர்வதேச எல்லை. சட்டையிற் குத்தியிருக்கும் சிறு அளவியே அதற்குச் சாட்சி.

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் வைத்தியபீடம் கிட்டாவிடின் மனமொடிந்து போவதைக் காண்கின்றோம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே இத்துறைக்குப் பட்டப்படிப்பு உண்டு. பௌதிகம் நன்கு வேண்டும், உடலமைப்பியல் வேண்டும். தமிழாசிரியன் என்ற முறையில் யான் ஒன்று கூட்டுவேன்: சிங்களமும் வேண்டும். மூச்சை இழுத்து அடக்குங்கள், இனி விடுங்கள் என்னும் இரண்டு வாக்கியத்தையாவது படுத்திருப்பவரின் தாய்மொழியிலே சொல்லத் தெரியாவிட்டால் படம் அசைந்துவிடும். அவரை மீண்டும் ஒருமுறை கதிருக்கு உட்படுத்த நேரும்.