ஐப்பசி பிறக்கும் முன் அலமாரியைத் திறங்கள்

தமிழ்நாட்டு வீடுகள் ஆண்டில் இரண்டு முறை மூலைமுடுக்கெல்லாம் துடைக்கப்படுகின்றன. ஒன்று போகியையொட்டி, மற்றொன்று ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களில். இரண்டாவதற்குப் பண்டிகையைத் தாண்டிய முக்கியத்துவம் உண்டு. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அது அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதன் பிறகு ஜன்னல்கள் அடைபடும், கொடித்துணி உலராது, சுவரில் ஓதம் ஏறும். பரணிலும் பீரோவிலும் அதுவரை படிந்திருந்த தூசியும் அந்த ஈரமும் சேரும்போதுதான் மூக்கடைப்பும் தொடர் இருமலும் இளைப்பும் வீட்டுக்குள் நிலைகொள்கின்றன. ஆகவே இந்தச் சுத்தம் மழைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஈரத்தையும் தூசியையும் குறிவைத்துச் செய்யப்பட வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் அவசர அவசரமாக, நெடியடிக்கும் திரவங்களைக் கொண்டு செய்யும் சுத்தம் வீட்டைப் பளபளப்பாக்கலாம், நுரையீரலுக்கு உதவாது.

பீரோவுக்குள் நடப்பது என்ன?

வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைத் தூண்டுவது எது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் அதற்குக் காரணம் தூசி உண்ணிகள் என்று காட்டினார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத, கால் மில்லிமீட்டர் அளவுள்ள இந்த உயிர்கள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழ்கின்றன. இவை கடிப்பதில்லை, இவற்றின் கழிவில் உள்ள புரதங்களே மூக்கையும் மூச்சுக்குழாயையும் உறுத்துகின்றன. இவை தண்ணீர் குடிப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சியே பிழைக்கின்றன. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இவற்றால் தழைக்க முடியாது. தமிழகக் கடலோர ஊர்களின் மழைக்காலக் காற்று அந்த அளவுக்கு மிகவும் மேலே இருக்கும்.

பூஞ்சைக்கும் ஈரமே உயிர். நனைந்த துணி, அட்டைப்பெட்டி, மரப்பலகை போன்றவை இரண்டு நாட்களுக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்புறம் காற்றே புகாத இடம். சுவரின் ஓதம் அங்கேதான் தங்கும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுவதைச் சுட்டிக்காட்டி, பூஞ்சை தோன்றிய பிறகு போராடுவதைவிட ஈரத்தைத் தடுப்பதே முதன்மையான வழி என்று சொல்கிறது. எனவே ஒட்டடைக் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன் மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மழைநீர் வடியும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா, தளத்தில் விரிசல் இருக்கிறதா, குளியலறைச் சுவர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் கறை மீது பெயின்ட் அடிப்பது பூஞ்சைக்குத் திரை போடுவதே ஆகும்.

துணி மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த வெயில்தான் செலவில்லாத மருந்து. ஆண்டு முழுவதும் பரணில் கிடந்த போர்வை, கம்பளி, ஸ்வெட்டர், ஜமக்காளம் ஆகியவற்றை மழை வந்த அன்று உதறி அப்படியே குழந்தைக்குப் போர்த்துவது, மாதக்கணக்காகச் சேர்ந்த தூசியை அதன் மூக்கருகே கொண்டுபோவதாகும். மழைக்கு முன்பே அவற்றைத் துவைத்து, நல்ல வெயிலில் இருபுறமும் திருப்பிக் காயவைக்க வேண்டும். நேரடி வெயிலில் போட்ட தரைவிரிப்புகளில் தூசி உண்ணிகள் மடிகின்றன என்பதை 1994இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆனால் மடிந்த உண்ணிகளின் கழிவுப் புரதம் துணியிலேயே தங்கும். ஆகவே வெயில் மட்டும் போதாது, துவைக்கவும் வேண்டும். சுடுநீர் தாங்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றை 55 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட நீரில் துவைத்தால் உண்ணிகள் சாகும். சாதாரண நீர் அவற்றைக் கொல்லாவிட்டாலும் புரதத்தின் பெரும்பகுதியைக் கழுவி நீக்கும்.

எடுத்து வைக்கும் துணிக்கும் இதே கவனம் தேவை. வியர்வையும் உணவுக்கறையும் உள்ள பட்டும் கம்பளியும்தான் அந்துப்பூச்சிக்கு அதிகம் பிடிக்கும். கஞ்சி போட்ட வேட்டியும் புடவையும் மாவுப்பொருளைத் தேடி வரும் இராமபாணப் பூச்சிக்கு உணவு. ஆகவே நெடுநாள் எடுத்துவைக்கும் துணியை அலசி, கஞ்சி இல்லாமல், முழுக்க உலர்த்தி மடிக்க வேண்டும். பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. பீரோவை அடைத்துத் திணிக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பின்னால் காற்று ஓடும். இடம் போதவில்லை என்றால் பயன்படுத்தாத துணிகளைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

அந்துருண்டையும் ஆசிட்டும்

துணிக்கு இடையே அந்துருண்டை போடுவது பல வீடுகளின் வழக்கம். நாஃப்தலீன் அல்லது பாரா டைகுளோரோ பென்சீன் என்ற வேதிப்பொருளால் ஆன இந்த உருண்டைகள் உருகாமலே ஆவியாகின்றன. அந்த ஆவிதான் பூச்சியை விரட்டுகிறது. நாம் மூச்சில் இழுப்பதும் அதையே. இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து உடனடியானது. நாஃப்தலீன் இட்டு வைத்த துணியில் சுற்றிய பச்சிளம் குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தையின் துணி வைக்கும் தட்டில் இவை இருக்கவே கூடாது. நன்கு உலர்ந்த வேப்பிலையைச் சிறு துணிப்பையில் கட்டி வைக்கலாம். ஆனால் துணியின் சுத்தமும் உலர்வும்தான் உண்மையான பாதுகாப்பு.

சுத்தம் செய்யும் முறையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கழிப்பறையில் ஆசிட் ஊற்றிவிட்டு அதன் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 6,000 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், செய்யாத பெண்களுடையதைவிட வேகமாகக் குறைந்திருந்ததை அது கண்டது. நெடியைச் சுத்தத்தின் அடையாளமாக நினைப்பதை விட்டுவிட வேண்டும். பெரும்பாலான பரப்புகளுக்குச் சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பும் தூசி நெடுநேரம் காற்றில் மிதக்கும். ஈரத்துணி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டடை அடிப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த நேரம் வீட்டில் இல்லாதிருப்பது நல்லது.

இதனால் இளைப்பு நின்றுவிடுமா?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தூசி உண்ணிகளைக் கட்டுப்படுத்தும் முறைகளைச் சோதித்த 54 ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, அவற்றால் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்றது. இதை மறைக்கத் தேவையில்லை. மெத்தைக்கு உறை போடுவது, மருந்து தெளிப்பது போன்ற ஓரிரு நடவடிக்கைகளால் நோய் தீராது என்பதே அதன் பாடம். அதே நேரம், 2004இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் ஆஸ்துமா உள்ள 937 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொரு குழந்தையின் ஒவ்வாமைக்கும் ஏற்பப் படுக்கை, தூசி, பூஞ்சை, கரப்பான், புகை ஆகிய பலவற்றையும் ஒருங்கே கவனித்தபோது நோய் அறிகுறி உள்ள நாட்கள் குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முடிவு தெளிவு: சுத்தம் முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் துணைநிற்கும், மருந்துக்கு மாற்றாகாது. வீடு சுத்தமாகிவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்துவது பெருந்தவறு.

கொஞ்சம் தூசி இருந்தால்தான் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வளரும் என்ற வாதமும் உண்டு. சிறுவயதில் பல நுண்ணுயிர்களோடு பழகும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறையலாம் என்ற கருத்தை 1989இல் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராகன் முன்வைத்த கருதுகோள் வலுப்படுத்தியது. ஆனால் மண்ணிலும் தோட்டத்திலும் விளையாடுவது வேறு, பூஞ்சை பூத்த சுவரோரம் இரவு முழுவதும் தூங்குவது வேறு. இங்கே வலியுறுத்துவது கிருமியே இல்லாத வீட்டை அன்று, உலர்ந்த வீட்டை.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருப்பார்கள், ஏனெனில் வேலை முழுதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. நுரையீரல் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும்போது தூசியை ஒருவர் மட்டும் சுவாசிப்பது நியாயமில்லை. புரட்டாசியின் வார இறுதிகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் மாடியும் கசிவும், ஒரு வாரம் பரண், ஒரு வாரம் படுக்கையும் போர்வையும், ஒரு வாரம் பீரோ. ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஆளுக்கொரு பொறுப்பை ஏற்கட்டும். இருமலோ இளைப்போ வாரக்கணக்கில் நீடித்தால் கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.