ராத்திரி காலேஜில் சந்தேகப் பாடம்!

பி.காம். படித்தவனிடம் உறவுக்காரர்கள் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, 'இன்கம்டாக்ஸை எப்படி மிச்சம் பிடிக்கிறது?' இரண்டு, 'மேலே ஏதாவது படிக்கலாம்னு இருக்கேன்... என்ன படிக்கலாம்?' முதல் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்! இரண்டாவது கேள்வி போன மாதம் சித்தி பையனிடமிருந்து வந்தது. தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை, ஏழு வருஷ சர்வீஸ்.

"அண்ணே, சைபர் செக்யூரிட்டியில மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு பார்க்கறேன். ஆன்லைன்லயே முடிச்சிடலாமாம். வேலையை விட வேண்டாம்."

"ஹேக்கர் ஆகப் போறியாடா?"

"இல்லண்ணே, ஹேக்கரைப் பிடிக்கப் போறேன். சம்பளம் ஜாஸ்தியாம்!"

நியாயமான ஆசைதான். ஆனால், செலவாகப் போவது லட்சக்கணக்கில் பணம், அதோடு இரண்டு மூன்று வருஷத்து ராத்திரிகள். எனவே நாலு இடத்தில் விசாரித்தேன். உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

இருட்டு அறை, தலையில் முக்காடு, திரையில் ஓடும் பச்சை எழுத்துக்கள் - இதெல்லாம் சினிமா. பாடத்திட்டத்தில் இருப்பது வேறு. தகவலைச் சங்கேதமாக மாற்றும் கிரிப்டோகிராஃபி, நெட்வொர்க் பாதுகாப்பு, ஓட்டையில்லாமல் சாஃப்ட்வேர் எழுதுவது, கூடவே சட்டமும் நிர்வாகமும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா டெக், 2019 ஜனவரியில் இதை ஆன்லைனில் ஆரம்பித்தது. மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்குள் என்று அவர்கள் அறிவித்ததும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூர் 'இ-மாஸ்டர்ஸ்' நடத்துகிறது. கேட் பரீட்சை வேண்டாம், வேலை அனுபவம் வேண்டும். ஒரு வருஷத்திலும் முடிக்கலாம், மூன்று வருஷம் இழுக்கவும் இழுக்கலாம்.

'வீட்டுப் பரீட்சைதானே, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதிவிடலாம்' என்று கனவு காணாதீர்கள். பல ஆன்லைன் பரீட்சைகளில் கேமரா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் மனைவி காபி கொண்டுவந்தால்கூடக் காப்பியோ என்று சந்தேகப்படும்!

கும்பகோணம் சொல்லும் பாடம்

கணக்குப்பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் காவலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

2018 பிப்ரவரி 7. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்க்கில் கணக்குகளைச் சரிபார்க்கிறார்கள். பேங்க் அனுப்பாத மூன்று பட்டுவாடாக்கள் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டுக்குக் கிளம்பியிருக்கின்றன! மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். துபாய்க்குக் கிளம்பிய 5 லட்சம் டாலரை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். திருட்டைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? நாம் பி.காமில் கொட்டாவி விட்டபடி படித்த அதே ரீகன்சிலியேஷன்!

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2016-ல், பங்களாதேஷ் மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் இதே ஸ்விஃப்ட் வழியாகத் திருடு போனது. இலங்கைக்குக் கிளம்பிய இன்னொரு 2 கோடி மட்டும் தப்பியது. காரணம், திருடர்கள் 'ஃபவுண்டேஷன்' என்ற வார்த்தையை 'ஃபாண்டேஷன்' என்று அடித்துத் தொலைத்தார்கள். அந்தத் தப்பைப் பார்த்து வழியில் இருந்த ஒரு பேங்க் சந்தேகப்பட்டது.

சைபர் செக்யூரிட்டியின் சாரமே இந்தச் சந்தேகம்தான். ஒருவர் போடும் என்ட்ரியை இன்னொருவர் பாஸ் பண்ண வேண்டும், யார் எப்போது எதைத் தொட்டார் என்பதற்குப் பதிவு வேண்டும். அக்கவுன்ட்ஸ்காரனுக்கு இது அத்துப்படி. ஆக, பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மிச்சப் பாதி லினக்ஸ், நெட்வொர்க், கொஞ்சம் புரோகிராமிங். மாஸ்டர்ஸ் வகுப்பில் இதை அனா ஆவன்னாவிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மூன்று மாதம் சாயங்காலங்களில் இதைப் படித்துப் பாருங்கள். தூக்கம் வந்தால் லட்சங்கள் மிச்சம். தூக்கம் போனால் தைரியமாகச் சேருங்கள்.

பணம் கட்டும் முன்...

பல்கலைக்கழகப் படிப்பு என்றால், அந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். அனுமதி உள்ள ஆன்லைன் பட்டம் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. மூன்று வருஷ பி.காம். போதுமா, நாலு வருஷப் பட்டம் கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை வைத்து அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும் எண்ணமிருந்தால், இங்கே அதற்குச் சமானச் சான்று கிடைக்குமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய தொழிலைத் தலைமுழுகவும் வேண்டாம். 2023-ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடச் சொல்கிறது. கணக்கும் தெரிந்து கம்ப்யூட்டர் காவலும் தெரிந்த ஆசாமிக்கு ஆடிட் உலகில் மதிப்பு இருக்கத்தான் செய்யும். வெறும் பட்டத்தை மட்டும் நீட்டினால், பக்கத்து நாற்காலிக்காரர் நீட்டுவதும் அதே பட்டம்தான்.

கடைசியாக ஒன்று. 'நூறு சதவிகிதம் வேலை உத்தரவாதம் சார், இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள கட்டினா பாதிக் கட்டணம்' என்று போனில் ஒரு குரல் குழையும். யோசிக்க நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களின் ஆதி வித்தை. அதற்கு 'சோஷியல் இன்ஜினீயரிங்' என்று பெயர் வைத்து, படிப்பிலேயே ஒரு பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

பட்டம் வர இரண்டு வருஷம் ஆகும். சந்தேகப்படுவதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். கட்டணம் கிடையாது!