பக்க இருக்கைப் பணியூர்தி

பக்க இருக்கைப் பணியூர்தி என்பது ஓட்டுநரும் உடன் செல்பவரும் அருகருகே அமரத்தக்க இருக்கைகள், ஸ்டீயரிங் சக்கரம், கால் மிதிகள், பின்புறத்தில் ஒரு சரக்குத் தொட்டி ஆகியவற்றைக் கொண்ட, சாலைக்கு வெளியே இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய ஊர்தி ஆகும். ஆங்கிலத்தில் இது சைடு-பை-சைடு எனவும், சுருக்கமாக யூ.டி.வி எனவும் அழைக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பண்ணைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வேலி அமைத்தல், தீவனம் எடுத்துச் செல்லல், மருந்து தெளித்தல், விறகு சுமத்தல் போன்ற வேலைகளுக்கு இது பெருமளவில் பயன்படுகின்றது. மோட்டார் சைக்கிளைப் போல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நாற்சக்கர ஏ.டி.வி வேறு, இது வேறு.

இவ்வகை ஊர்திகளில் விளையாட்டுக்கானவையும் வேலைக்கானவையும் உள்ளன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். விளம்பரங்கள் இரண்டையும் ஒரே அளவுகோலால், அதாவது குதிரைத்திறனாலும் வேகத்தாலும், அளக்கின்றன. வேலைக்கு வாங்குபவரைத் தவறான திசையில் இட்டுச் செல்வது பெரும்பாலும் இவ்விரு எண்களே. நாள்தோறும் சுமையுடன் மெதுவாக ஊர்ந்து செல்லும் ஓர் ஊர்தி எத்தனை ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் என்பது, பொறியின் ஆற்றலை விட அந்த ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் செலுத்தமைப்பையே கூடுதலாகச் சார்ந்துள்ளது.

வரலாறு

1987 ஆம் ஆண்டில் ஜான் டீர் நிறுவனம் ஏ.எம்.டி 600 என்னும் ஐந்து சக்கரப் பணியூர்தியை வெளியிட்டது. 1988 இல் கவாசாக்கி நிறுவனம் மியூல் 1000 என்னும் ஊர்தியை அறிமுகப்படுத்தியது. மியூல் என்பது பல பயன் தரும் இலகு கருவி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் கோவேறு கழுதை என்ற பொருளும் உண்டு. வேகத்தை அன்றி உழைப்பையே நோக்கமாகக் கொண்ட ஊர்திக்கு அப்பெயர் பொருத்தமானதே. ஜான் டீரின் கேட்டர் 1992 இலும், போலாரிஸ் நிறுவனத்தின் ரேஞ்சர் 1998 இலும் சந்தைக்கு வந்தன. 2003 இல் வெளிவந்த யமஹா ரைனோ, வேலையையும் பொழுதுபோக்கையும் ஒரே ஊர்தியில் இணைக்க முயன்றது. அதன் பின்னர் வேகம் ஒரு விற்பனைப் பண்பாக மாறியது.

ஆஸ்திரேலியாவில் 2019 ஆம் ஆண்டின் நாற்சக்கர பைக் பாதுகாப்புத் தரவிதி, 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு ஏ.டி.விகளில் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. முன்னணி உற்பத்தியாளர்கள் சிலர் இதனை ஏற்காமல் அந்நாட்டு ஏ.டி.வி சந்தையிலிருந்து விலகினர். இதனால் அங்குள்ள உழவர்கள் பலர் பக்க இருக்கை ஊர்திகளுக்கு மாற நேர்ந்தது.

செலுத்தமைப்பு

பெரும்பாலான பணியூர்திகளில் சி.வி.டி எனப்படும் தொடர் மாறுவிகிதச் செலுத்தமைப்பு உள்ளது. இதில் பொறியின் தண்டில் ஒரு கப்பியும், கியர்ப் பெட்டியின் தண்டில் மற்றொரு கப்பியும் பொருத்தப்பட்டு, இரண்டையும் ஒரு ரப்பர் வார்ப்பட்டை (பெல்ட்) இணைக்கின்றது. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே நிற்கும் இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. பொறி வேகமாகச் சுழலும்போது முதற் கப்பியிலுள்ள எடைகள் மையவிலக்கு விசையால் வெளித்தள்ளப்பட்டுத் தட்டுகளை நெருக்குகின்றன. வார்ப்பட்டை மேலேறிப் பெரிய வட்டத்தில் சுற்ற, விகிதம் படிப்படியாக மாறுகின்றது. ஓட்டுநர் கியர் மாற்ற வேண்டியதில்லை. அமைப்பும் எளியது, மலிவானது.

இதன் வலுக்குறைவும் இதே கோட்பாட்டில்தான் அடங்கியுள்ளது. பொறி மெதுவாகச் சுழலும்போது தட்டுகள் வார்ப்பட்டையை இறுகப் பிடிப்பதில்லை. அந்நிலையில் சுமை மிகுந்தால் பட்டை வழுக்குகின்றது, வழுக்கல் வெப்பமாகின்றது, வெப்பம் ரப்பரைப் பளபளப்பாக்கி மேலும் வழுக்கச் செய்கின்றது. ஈற்றில் பட்டை கருகுகின்றது அல்லது அறுகின்றது. அறுந்த பட்டையின் நார்கள் கப்பித் தண்டுகளில் சுற்றிக்கொண்டு எண்ணெய் அடைப்பான்களைக் கெடுப்பதும் உண்டு. ஆகவே உயர் விகிதத்தில் கட்டையை இழுத்தபடி ஊர்ந்து செல்வதே பட்டைக்கு மிகக் கேடான வேலையாகும். இவ்வூர்திகளில் தாழ், உயர் என இரு கியர் நிலைகள் இருப்பதன் காரணம் இதுவே. மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் குறைவாகச் செல்லும்போதும், சுமை இழுக்கும்போதும் தாழ் நிலையையே பயன்படுத்துமாறு போலாரிஸ் தன் கையேடுகளில் அறிவுறுத்துகின்றது. பட்டை தரமற்றது என்று எழும் முறையீடுகளில் பல, உண்மையில் தாழ் நிலை பயன்படுத்தப்படாமையால் எழுபவை.

பட்டையே இல்லாத அமைப்புகளும் உள்ளன. கூபோட்டா நிறுவனத்தின் ஆர்.டி.வி வரிசை டீசல் ஊர்திகளில் ஹைட்ரோஸ்டாட்டிக் எனப்படும் நீர்ம அழுத்தச் செலுத்தம் பயன்படுகின்றது. இதில் பொறி ஓர் எண்ணெய் எக்கியைச் சுழற்ற, அழுத்தமுள்ள எண்ணெய் ஒரு நீர்ம மோட்டாரைச் சுழற்றுகின்றது. நடை வேகத்திலும் முழு இழுவை கிடைக்கின்றது. சரிவில் மிதியை விட்டால் ஊர்தி தானே மட்டுப்படுகின்றது. மறுபுறம், ஆற்றலில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடாக்குவதில் வீணாகின்றது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். எக்கியின் ஊளை ஒலியும் பலருக்கு உவப்பாக இருப்பதில்லை. எண்ணெயும் வடிகட்டியும் காலத்தில் மாற்றப்படாவிட்டால் வரும் செலவு ஒரு வார்ப்பட்டையின் விலையைப் போலச் சிறியதன்று.

ஹோண்டா நிறுவனம் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அதன் பயனியர் 700 இல் மகிழுந்துகளில் உள்ளது போன்ற முறுக்குவிசை மாற்றியுடன் கூடிய தானியங்கிக் கியர்ப் பெட்டியும், பயனியர் 1000 இல் இரட்டைக் கிளட்ச் கியர்ப் பெட்டியும் உள்ளன. இவற்றில் கப்பியும் ரப்பர்ப் பட்டையும் இல்லாமையால், நீரிலும் சேற்றிலும் நனைந்து பட்டை வழுக்கும் சிக்கல் எழுவதில்லை.

பொறி

பெட்ரோல் ஊர்திகளில் 400 முதல் 1000 கன செ.மீ வரையிலான பொறிகள் பரவலாக உள்ளன. போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000 இன் 999 கன செ.மீ பொறி 82 குதிரைத்திறன் தருகின்றது. கூபோட்டா ஆர்.டி.வி எக்ஸ்1100 இன் 1,123 கன செ.மீ டீசல் பொறி தருவதோ ஏறத்தாழ 25 குதிரைத்திறன் மட்டுமே. இவ்விரண்டும் பண்ணை வேலைக்கே விற்கப்படுகின்றன என்பதிலிருந்து, குதிரைத்திறன் என்னும் எண் வேலைத்தகுதியைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கின்றது என்பது விளங்கும். தாழ்ந்த சுழல்வேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசையே சுமையை நகர்த்துகின்றது. பண்ணையில் ஏற்கெனவே டீசல் உழவு இயந்திரங்கள் இருப்பின், ஒரே எரிபொருளை வைத்துக்கொள்வதும் ஒரு வசதி.

மின் ஊர்திகளுக்கு வார்ப்பட்டையும் இல்லை, காற்று வடிகட்டியும் இல்லை. கால்நடைகள் வெருளாத அமைதியும் உண்டு. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி கைனெட்டிக் 110 குதிரைத்திறன் கொண்டது. அதன் சிறிய மின்கல அடுக்கு 14.9 கிலோவாட் மணியும், பெரியது 29.8 கிலோவாட் மணியும் கொள்ளும்; இவற்றுக்கு முறையே 72, 129 கிலோமீட்டர் அளவிலான வீச்சை நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சுமை இழுத்தாலோ குளிர் மிகுந்தாலோ இவ்வீச்சு குறையும். மாலையில் கொட்டகைக்குத் திரும்பும் ஊர்திக்கு இது தடையன்று. நாள் முழுதும் தொலைவிலுள்ள வேலிகளைச் சுற்றி வரும் ஊர்திக்குத் தடையே.

சுமைக் கணக்கு

விற்பனைத் தாள்களில் சரக்குத் தொட்டியின் கொள்ளளவு ஒரு எண்ணாகவும், ஊர்தியின் மொத்தச் சுமைத்திறன் வேறொரு எண்ணாகவும் தரப்படுகின்றன. இரண்டாவது எண்ணில் ஓட்டுநரும், உடன் வருபவரும், பின்னர் பொருத்தப்படும் கூரை, கண்ணாடி, வடக்கப்பி போன்றவையும் அடங்கும். எடுத்துக்காட்டாக, மொத்தச் சுமைத்திறன் 600 கிலோகிராம் உள்ள ஊர்தியில் 80 கிலோகிராம் எடையுள்ள இருவர் அமர்ந்து, 100 கிலோகிராம் துணைப்பொருட்களும் பொருத்தப்பட்டிருந்தால், சரக்குக்கு எஞ்சுவது 340 கிலோகிராமே. தொட்டியில் 450 கிலோகிராம் ஏற்றலாம் என்று எழுதப்பட்டிருந்தாலும் அன்றைய நாளுக்கு அது பொருந்தாது. 400 லிட்டர் தெளிப்புத் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 400 கிலோகிராம். அத்துடன், பாதி நிரம்பிய தொட்டியில் நீர் சரிவின் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிச் சமநிலையைக் குலைக்கின்றது. சரிவிலும் கரடுமுரடான தரையிலும் சுமையைக் குறைக்குமாறு உற்பத்தியாளர்கள் கூறுவது சட்டப் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட வெற்று வாசகம் அன்று.

பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலைத் தேவைக்கேற்பப் பூட்டவும் திறக்கவும் இயலுமா என்பதும் கவனிக்கத் தக்கது. சேற்றில் பூட்டு உதவும்; புல்தரையிலோ காங்கிரீட்டிலோ பூட்டிய நிலையில் திரும்பினால் புல் கிழியும், டயர் தேயும், அச்சுகளும் திணறும்.

கவிழ்தலும் தீயும்

இவ்வூர்திகள் குறுகலானவை; தரையிலிருந்து உயர்ந்தவை. ஆகவே கவிழும் இயல்பு இவற்றுக்கு உண்டு. 2009 மார்ச்சில் யமஹா ரைனோ 450, 660 ஆகிய மாதிரிகளின் விற்பனை நிறுத்தப்பட்டு, இலவசத் திருத்தத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணையம் அப்போது ஆராய்ந்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் 46 பேர் இறந்திருந்தனர். கவிழ்வுகளில் பல, சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பியபோது நிகழ்ந்தவையாகத் தோன்றின என்று ஆணையம் கூறியது. பின் சக்கரங்களில் இடைவெளித் துண்டுகளைச் சேர்த்து அகலத்தைக் கூட்டுவதும், பின்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டை அகற்றுவதும் அத்திருத்தத்தில் அடங்கின.

கவிழ்வுக் காப்புச் சட்டகம் ஓட்டுநரைக் காப்பது அவர் அதனுள் இருக்கும் வரையில்தான். இருக்கைப் பட்டை அணியாதவர் வெளியே தூக்கி எறியப்பட்டு, காப்பதற்கென அமைந்த அதே சட்டகத்தின் அடியில் நசுங்க நேரிடுகின்றது. கதவு திறக்க இருபது முறை இறங்கி ஏறும் பண்ணைத் தொழிலாளி பட்டையைத் தவிர்ப்பது எளிதில் விளங்கக்கூடியதே. எனினும் இடர் மிகுந்த இடமும் அதுவே. பட்டை அணியாவிட்டால் வேகத்தை மணிக்கு 24 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தும் அமைப்பை ஆணையம் 2014 இல் முன்மொழிந்தது. அம்முன்மொழிவு விதியாகவில்லை, மாறாக, துறையின் தன்னார்வத் தரங்கள் 2016 இல் திருத்தப்பட்டன. அத்தகைய வேகக் கட்டுப்பாடு உள்ள மாதிரிகள் கிடைக்கின்றன. கூலியாட்கள் பலர் மாறி மாறி ஓட்டும் பண்ணைக்கு அவையே உகந்தவை.

தீ மற்றொரு இடர். விளையாட்டு வகையான ஆர்.இசட்.ஆர் ஊர்திகளில் தீப்பற்றும் குறைபாட்டையும், ரேஞ்சர் மாதிரிகள் சிலவற்றில் வெப்பக் காப்புத் தகடு கழன்று விழும் குறைபாட்டையும் காலந்தாழ்த்தித் தெரிவித்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்க்க, போலாரிஸ் 2018 இல் 27.25 மில்லியன் டாலர் தண்டத்தொகை செலுத்த ஒப்புக்கொண்டது. குறைபாடு இல்லாத ஊர்தியிலும், புகைபோக்கியைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல் தீப்பற்றக்கூடும். அடித்தகட்டைக் கழற்றித் துப்புரவு செய்வது எவ்வளவு எளிது என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பும் உதிரிப்பாகங்களும்

உழவு இயந்திரங்களைப் போலவே இவ்வூர்திகளின் பராமரிப்பும் ஓடிய மணிக்கணக்கில் கணக்கிடப்படுகின்றது. புழுதி மிகுந்த இடத்தில் கையேட்டின் இடைவெளிகளைப் பாதியாகக் குறைப்பதே முறை. காற்று வடிகட்டியின் விளிம்பில் ஒரு சிறு கசிவு போதும், நுண்மணல் உட்சென்று பொறியின் உருளைகளைத் தேய்த்துவிடும். அச்சு மூட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறைகள் குச்சிகளால் கிழிவது வழமை. உறை மலிவு, கிழிந்த உறையின் வழி மணல் புகுந்து கெடும் மூட்டு விலை மிக்கது.

அருகில் முகவரும் உதிரிப்பாகக் கிடங்கும் உள்ள நடுத்தர ஊர்தி, முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் மட்டுமே பாகம் கிடைக்கும் சிறந்த ஊர்தியை விடக் கூடுதலாக வேலை செய்யும். அறுவடைக் காலத்தில் இரு வாரம் நின்றுபோகும் ஊர்தியால் ஏற்படும் இழப்பு, விலைப்பட்டியலில் காணப்படும் எந்த வேறுபாட்டையும் விடப் பெரிது.

பழைய ஊர்தியை வாங்குதல்

பயன்படுத்திய ஊர்தியின் மணிமானியையும் தொலைவுமானியையும் சேர்த்துப் பார்த்தால் அதன் கடந்த காலம் ஓரளவு தெரியவரும். 400 மணி நேரத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். அது ஊர்ந்து வேலை செய்த அல்லது நெடுநேரம் நின்றபடி ஓடிய பொறி. அவ்வூர்தி சி.வி.டி வகையாயின் வார்ப்பட்டை மூடியைத் திறந்து, பட்டையின் பக்கங்கள் பளபளக்கின்றனவா, கப்பித் தட்டுகளில் கருகிய தடம் உள்ளதா எனக் காண வேண்டும். அதே 400 மணியில் 10,000 கிலோமீட்டர் எனில், சராசரி 25 கிலோமீட்டர். அங்கு அதிர்வு தாங்கிகளும் சக்கரத் தாங்கு உருளைகளும் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. டிஃபரென்ஷியல் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஊர்தி நீரில் மூழ்கியிருக்கின்றது என்று கொள்ளலாம். திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட மாதிரியா என்பதையும், அத்திருத்தம் செய்யப்பட்டதா என்பதையும் ஊர்தியின் அடையாள எண்ணைக் கொண்டு முகவரிடம் உறுதி செய்துகொள்ள இயலும்.