வானத்தில் வந்த மர்மம் என்ன?

வானத்தில் ஏதோ ஒன்று மினுமினுத்தால் போதும், “பறக்கும் தட்டு!” என்று ஊரே பேசத் தொடங்கிவிடும். பார்த்தவர் சொல்வது பொய்யா? இல்லை, மெய்தானா? அமெரிக்காவில் நடந்த சில சம்பவங்களைக் கேளுங்கள்.

ரப்பர் துண்டும் ஈயத்தாளும்

1947-ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரோஸ்வெல் நகருக்கு அப்பால் உள்ள ஒரு பண்ணையில் ரப்பர் துண்டுகள், ஈயத்தாள், குச்சிகள் சிதறிக் கிடந்தன. “பறக்கும் தட்டு கிடைத்தது” என்று ராணுவமே ஜூலை 8-இல் அறிவித்தது. பிறகு, “வெறும் வானிலை பலூன்” என்று மாற்றிச் சொன்னது. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனையை உயரத்திலிருந்து ஒட்டுக் கேட்க அனுப்பிய ரகசிய பலூன் அது என்று விமானப்படை ஒப்புக்கொண்டது 1994-இல்தான்!

அந்தி நேரத்து வெளிச்சம்

1955 ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தில் யூ-2 என்ற உளவு விமானம் ரகசியமாகப் பறந்தது. அன்றைய பயணிகள் விமானங்கள் 20,000 அடிக்குள் பறந்தன. இதுவோ 60,000 அடிக்கு மேல்! மலையடிவாரத்துத் தோட்டத்தில் இருட்டிய பிறகும் உச்சியில் வெயில் தெரிவதில்லையா? அதுபோல, கீழே பொழுது சாய்ந்த பின்னும் யூ-2-இன் வெள்ளி நிற இறக்கைகளில் சூரிய ஒளி பட்டுத் தகதகத்தது. விமானிகளே திகைத்துப்போய்ப் புகார் எழுதினார்கள்.

விசாரித்த அதிகாரிகளுக்கு உண்மை தெரியும். ஆனால் வாய் திறக்க முடியாது! “பனித் துகள், வெப்ப மாற்றம்” என்று ஏதோ காரணம் சொல்லி அனுப்பினார்கள். இதை 1997-இல் வெளியான சி.ஐ.ஏ.-வின் வரலாற்று ஆய்வே சொல்கிறது. சோதனை நடந்த ‘ஏரியா 51’ தளத்தைப் பற்றி 2013-இல் வெளியான ஆவணங்கள் வெளிப்படையாகப் பேசின.

மூன்று திண்டுக் கப்பல்

2006 ஜனவரி 31-இல் கலிபோர்னியாவின் பாம்டேலில், மூன்று பெரிய திண்டுகளைச் சேர்த்துத் தைத்தது போன்ற ஒன்று வானில் எழும்பியது. அது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் பி-791 என்ற சோதனை ஆகாயக் கப்பல். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை ஹீலியம் வாயு தாங்கியது. மீதியை, முன்னோக்கிப் பறக்கும்போது அதன் உடல் வடிவமே தூக்கியது. சக்கரங்களுக்குப் பதில் காற்று மெத்தைகள்! முன்பின் தெரியாதவர் அந்தியில் இதைக் கண்டால் என்ன நினைப்பார்?

கண்டதும் கருதியதும்

கண்டவர்கள் பொய்யர்கள் அல்லர். வானத்தில் ஏதோ இருந்தது உண்மை. அது வேற்றுலகத்தார் ஊர்தி என்பதுதான் கற்பனை. உண்மையைப் பூட்டி வைத்த இடத்தில் வதந்தி முளைத்தது. பொறுப்பானவர்களின் மௌனமே அதற்கு எரு. நேர்மையாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்ததோ கேலிப் பேச்சு!

ஆகவே, யாராவது வந்து வானத்து அதிசயம் சொன்னால் சிரிக்காதீர்கள். உடனே நம்பியும் விடாதீர்கள். “கண்ணால் கண்டது எது, மனத்தால் சேர்த்தது எது?” என்று பொறுமையாகக் கேளுங்கள். பாதி மர்மம் அங்கேயே விலகிவிடும்.