நீலப் புள்ளியை மறைத்துவிட்டு நடப்பது: தாமிரபரணிக் கரையில் ஓரியண்டியரிங்

திருநெல்வேலி டவுனில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "இப்படியே கெழக்க போயி, வாய்க்கா பாலம் தாண்டுனதும் தெக்க திரும்புங்க" என்று பதில் வரும். கேட்டவர் வெளியூர்க்காரர் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "கெழக்குன்னா லெஃப்ட்டா ரைட்டா?"

இது வெறும் பேச்சு வழக்கு வேறுபாடு இல்லை. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ் பேசுபவர்களிடம் இதை ஆய்வு செய்திருக்கிறார். கிராமத்தில் வளர்ந்தவர்கள் பொருள்களின் இடத்தைச் சொல்லப் பெரும்பாலும் கிழக்கு, மேற்கு என்று திசைகளைப் பயன்படுத்தினார்கள். நகரத்தவர்கள் இடது, வலது என்றார்கள். ஒரே மொழி, இரண்டு கணக்கு. முதல் கணக்கில் உலகம் நிலையாக நிற்கிறது, நாம் அதற்குள் நகர்கிறோம். இரண்டாவது கணக்கில் நாம்தான் நடுப்புள்ளி. நாம் திரும்பினால் உலகமே திரும்பிவிடும்.

செல்பேசியில் வழி சொல்லும் செயலிகள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் வளர்க்கின்றன. "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்." திரும்புகிறோம், வந்து சேர்கிறோம். எந்த வழியாக வந்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தஹ்மானியும் போபோவும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியிருந்த ஓட்டுநர்கள், அது இல்லாமல் தாமே வழி கண்டுபிடிக்க வேண்டிய சோதனைகளில் பின்தங்கினார்கள். பங்கேற்றவர்கள் 50 பேர். அவர்களில் 13 பேரை மூன்று ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, இடைப்பட்ட காலத்தில் ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு இட நினைவு கூடுதலாகக் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

சரி, செல்பேசியைத் தூக்கி எறிந்துவிடலாமா? தேவையில்லை. அதே ஜிபிஎஸ்ஸை வைத்தே வழி கண்டுபிடிக்கும் பழக்கத்தைத் திரும்ப வளர்க்க ஒரு விளையாட்டு இருக்கிறது.

விளையாட்டு என்ன?

ஓரியண்டியரிங் ஸ்வீடனில் பிறந்தது. முதலில் ராணுவப் பயிற்சி. 1919இல் எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்பவர் ஸ்டாக்ஹோம் அருகே பொதுமக்களுக்காகப் பெரிய போட்டி ஒன்றை நடத்தினார். அதிலிருந்துதான் இது விளையாட்டாகப் பரவியது. சர்வதேசக் கூட்டமைப்பு 1961இல் அமைந்தது.

விதி எளிமையானது. கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும். வரைபடத்தில் சில வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் தரையில் ஓர் இடம், அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்பது உங்கள் முடிவு. குறுக்கே போகலாம், சுற்றியும் போகலாம். கால் வேகம் மட்டும் போதாது, எந்த வழி என்று சரியாகத் தேர்ந்தெடுப்பவர்தான் முந்துவார்.

வழக்கமான போட்டியில் ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ஆரஞ்சு-வெள்ளைத் துணிக்கூண்டு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதைக் கட்ட ஆள் வேண்டும், திருடு போகாமல் பார்க்க ஆள் வேண்டும், முடிந்ததும் அவிழ்க்க ஆள் வேண்டும். செல்பேசிச் செயலி இந்த வேலையை எல்லாம் எடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் உருவான மேப்ரன் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கன்ட்ரோல் என்பது இதில் வெறும் ஆயத்தொலைவு. அந்த இடத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் அருகில் நீங்கள் வந்ததும் செல்பேசி ஒலி எழுப்பும், நேரத்தைக் குறித்துக்கொள்ளும். தனியாகவும் போகலாம், எந்த நாளிலும் போகலாம்.

முக்கியமான விஷயம் இதுதான்: "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று காட்டும் நீலப் புள்ளி வழக்கமாக இதில் தெரியாது. ஜிபிஎஸ் உங்களுக்கு வழி சொல்வதில்லை. நீங்கள் சரியாக வந்தீர்களா என்று மட்டும் சொல்கிறது. வழிகாட்டியாக இருந்தது நடுவராக மாறிவிடுகிறது. மொத்தப் பயனும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது.

பதினைந்து மீட்டர் எதற்கு?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துச் செல்பேசி தன் இடத்தைக் கணக்கிடும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண செல்பேசியின் பிழை ஐந்து மீட்டர் அளவுக்கு இருக்கும். ரத வீதி போல இருபுறமும் சுவர் எழும்பிய தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டு எதிரொலித்து வரும், பிழை கூடும். கல்மண்டபத்துக்குள் நின்றால் சமிக்ஞையே தேய்ந்துவிடும். அதனால் கன்ட்ரோலை மண்டபத்துக்குள் வைக்கக் கூடாது, வாசலுக்கு வெளியே வானம் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஜிபிஎஸ்ஸுக்குச் சிம் கார்டோ இணையமோ தேவையில்லை. இணையம் இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

திருநெல்வேலிக்கென்றே ஒரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பகுதி வழியாகப் போகிறது. தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்குக் காரணமும் அதுவே. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இதே காரணத்துக்காகத்தான், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.

இதனால் நமக்கு இரண்டு விளைவுகள். ஒன்று, காந்த ஊசி இங்கே கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் நிற்கும். ஸ்வீடனில் அது எழுபது டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிச் சாயப் பார்க்கும், அதனால் அங்கே விற்கும் ஊசிக்கு மறுபக்கம் எடை கூட்டியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல திசைகாட்டி நம்மூரில் தட்டிக்கொண்டு நின்றால் அது பழுது இல்லை, வேறு அட்சரேகைக்குச் செய்தது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே ஓரிரு டிகிரிதான். நூறு மீட்டருக்கு மூன்று நான்கு மீட்டர் விலகல். நடப்பவர் கண்டுகொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது விளைவு அவ்வளவு நல்லதல்ல. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் மறைந்தபின் அயனிமண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் உருவாகி மேலெழும். அவற்றினூடாக வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம் மின்னுவதுபோல மின்னும், சில நேரம் அறுந்துபோகும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்புவது வெயிலுக்கு மட்டுமல்ல, ஜிபிஎஸ்ஸுக்கும் நல்லது.

தண்ணீரை வைத்து நிலத்தை வாசிப்பது

ஐரோப்பியக் காடுகளில் ஓரியண்டியரிங் ஆடுபவர்கள் சமவுயரக் கோடுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு. நம் பள்ளத்தாக்கின் சமவெளியில் அப்படித் தேடினால் ஒரு கோடு கூட அகப்படாது. நம் நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். டவுனிலிருந்து பாளையங்கோட்டை வரை அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஆனால் மேடு பள்ளத்தைத் தண்ணீர் நமக்கு எழுதி வைத்திருக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிகிறது, பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய். ஆற்றைவிட மெதுவான சரிவில் இந்தக் கால்வாய்கள் ஓடுகின்றன. அதனால் போகப் போக ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். வாய்க்கால் பாலத்தில் நின்றால் ஆற்றுப் பக்கம் வயலும் தாழ்வும், மறுபக்கம் மேடு. குளத்துக்கும் இதே போல ஒரு விதி: கரை எப்போதும் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும், தண்ணீர் வரும் பக்கம் திறந்திருக்கும். கரையில் மடை இருந்தால் அதன் கீழே வயல் இருக்கும், அல்லது வயலாக இருந்த இடத்தில் வீட்டுமனை இருக்கும். மறுகால் எங்கே என்று தெரிந்தால், குளம் நிரம்பினால் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றைத் தெரிந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்தால் தட்டையாகத் தெரிந்த ஊருக்குச் சரிவு வந்துவிடும்.

ஒரு மாதிரிப் பாதை

ஆரம்பம்: நெல்லையப்பர் கோயிலின் கிழக்கு வாசலுக்கு வெளியே.
1. வடக்கே, நயினார்குளத்தின் கரை.
2. திரும்பித் தெற்கே, நெல்லைக் கால்வாயின் மேல் ஒரு சிறு பாலம். எந்தப் பாலம் என்பதை வரைபடம் சொல்ல வேண்டும், பெயர்ப்பலகை அல்ல.
3. குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கு எதிரே, கரையின் மேல். வெள்ளம் வந்தால் மூழ்கும் கோயில் இது.
4. கைலாசபுரம் பக்கம் தைப்பூச மண்டபத்தை ஒட்டிய சாலை.
முடிவு: சுலோசன முதலியார் பாலத்தின் மேற்கு முனை. 1843இல் திறந்த பாலம், செலவு ஏற்றவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நேர்கோட்டில் கூட்டினால் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வரும். சுவாரசியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். பெரிய சாலையில் போனால் தூரம் கூடுதல், குழப்பம் இல்லை. வாய்க்கால் கரையைப் பிடித்தால் தூரம் குறையலாம், பாதை எங்காவது அடைபட்டும் இருக்கலாம். அந்த இடத்தில் நின்று யோசிக்கும் அரை நிமிடம்தான் இந்த விளையாட்டு.

நீங்களே தயாரிப்பது எப்படி?

முதலில் அடிப்படை வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 1:10,000 அளவில் அச்சிட்டால் ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர், கணக்குப் போட வசதி. விடுபட்ட சந்து, மடை, படித்துறை எல்லாவற்றையும் நடந்து பார்த்து நீங்களே சேருங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் அது உதவும்.

அடுத்து, கன்ட்ரோல் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் ஒரு நிமிடமாவது நின்று ஆயத்தொலைவைக் குறியுங்கள். டிகிரியில் எழுதும்போது புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பது முக்கியம். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் நுட்பம்தான், மூன்று என்றால் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர் சொச்சம். ஐந்து போதும். அதற்கு மேல் எழுதுவது செல்பேசிக்கே தெரியாததை எழுதுவது.

புள்ளிகளைக் கேஎம்எல் கோப்பாகச் சேமித்தால் மேப்ரன் ஏற்றுக்கொள்ளும். கோப்பு, செயலி எதுவும் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி: காகித வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு நடங்கள், செல்பேசியில் பாதையைப் பதிவு மட்டும் செய்து பைக்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து, போக நினைத்த வழியையும் போன வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில எல்லைகள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், அங்கே பாதை வரையவே வேண்டாம். கன்ட்ரோலுக்காக யாரும் ஆற்றில் இறங்கும்படி வைக்கக் கூடாது. மேலே அணை திறந்தால் கீழே நீர்மட்டம் சட்டென்று ஏறும். காரும் பிசானமும் விளைந்து நிற்கும்போது வரப்பில் கூட்டமாக நடக்காதீர்கள். தண்டவாளம், சுடுகாடு, கோயிலின் உட்பகுதி, வீட்டு முற்றம் இவை எல்லாம் கணக்கில் இல்லை. குழந்தைகளை இரண்டு பேராக அனுப்புங்கள், பெரிய சாலையைக் கடக்காத பாதையாக.

இதெல்லாம் எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு பெருகி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது, குளங்கள் உடைந்தன, பல இடங்களில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் போனது. அந்த மாதிரி இரவில் செயலி சொல்லும் மிகக் குறுகிய வழி பெரும்பாலும் தவறான வழி. அதற்குத் தெருவின் நீளம் தெரியும், உயரம் பற்றிக் கவலை இல்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தத் தெரு மேடு, மறுகால் ஓடை எங்கே மறிக்கும் என்பதெல்லாம் அங்கே நடந்து பழகியவருக்குத்தான் தெரியும். பழைய ஆட்களுக்கு இந்த அறிவு வயலுக்கும் படித்துறைக்கும் போய்வந்ததிலேயே கிடைத்துவிட்டது. வயலுக்குப் போகாத பிள்ளைகளுக்கு அதை வேறு வழியில்தான் கொடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேர விளையாட்டு அதற்கு மோசமான வழி இல்லை.

உங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து கன்ட்ரோல் வைத்துத் தொடங்குங்கள். அவற்றில் ஒன்றாவது வாய்க்காலில் இருக்கட்டும், ஒன்றாவது உங்கள் தெருவிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கட்டும். அந்த உயரமான இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் பாடம்.