பழைய பாய்மரப் படகின் தளம் ஏன் அமுங்குகிறது?

1960, 70-களில் அமெரிக்காவில் கட்டிய பல பாய்மரப் படகுகளின் மேல்தளம் முழுக்க ஃபைபர்கிளாஸ் அல்ல. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடுகள். நடுவே பால்சா மரத்துண்டுகள். ஒரே தகட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் அதே தடிமனுக்கு மரம் வைத்தால் விறைப்பு சுமார் 7 மடங்காகும். எடையோ கொஞ்சம்தான் கூடும். அருமையான யோசனை, தண்ணீர் புகாதவரை.

புகும் வழி திருகுத் துளை. கைப்பிடிக் கம்பிகளை முடுக்கிய இடத்தில் அடைப்புப் பசை காய்ந்து விட்டுப்போகும், மழைநீர் இறங்கும். பால்சாவின் நார்கள் செங்குத்தாக நிற்பதால் ஈரம் பக்கவாட்டில் எளிதில் பரவாது. ஆனால் துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வாய்க்காலாகிவிடுகின்றன. மரம் மக்கி, தகட்டைவிட்டுப் பிரிகிறது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் 'டக்'கென்று ஒலிக்கும்; மக்கிய இடம் 'தொப்'பென்று அடங்கும்.

இப்படி அமுங்கும் தளத்தில் தோன்றும் வெடிப்பின்மேல் பெயின்ட் பூசுவது வீண். தளம் நெளியும்வரை வெடிப்பு திரும்ப வரும். மேல்தகட்டை மட்டும் அறுத்தெடுத்து, ஈர மரத்தைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, புதுப் பால்சாவை எப்பாக்ஸியில் பதிக்க வேண்டும். தகட்டைத் திரும்ப ஒட்டியதும், வெட்டிய விளிம்பைத் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்துக் கண்ணாடியிழைத் துணியை அடுக்கினால்தான் விசை மூட்டில் குவியாமல் பரவும். திருகுத் துளைகளைப் பெரிதாக்கி எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவே துளையிட்டால் திருகு மரத்தைத் தொடவே தொடாது.